பாதத்தில் ஒரு நாடி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். பெரிய டாக்டர். அவருக்கு உதவியாக ஒரு சின்ன டாக்டர். நர்ஸம்மா. புண்ணுக்குக் கட்டுப் போடுகிற ஆள். வாசலில் சீட்டு வாங்கி ஆளை உள்ளே விடுகிற பியூன். பெஞ்சின் மேல் காலை நீட்டிக்கொண்டு என் தம்பி. சுவரோரமாக அவன் பெண்டாட்டி, அவளுக்கு அப்போது ஐந்து மாதம். கடைசியாக நான். வயிற்றில் இருந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்படி ஆள் ஆளாக எழுதக் காரணம் இருக்கிறது. பின்னால் உறையூர் சுருட்டுக் கம்பெனியில், டாக்டர் அப்படியெல்லாம் சொல்லவே இல்லை, யாரோ ஒரு நர்ஸ் சொன்னதை வைத்துக்கொண்டு அக்காக்காரி ஆடுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். நர்ஸம்மா அன்று வாயைத் திறக்கவில்லை. சொன்னவர் பெரிய டாக்டர். கேட்டவர்கள் ஏழு பேர். அவர் சொன்னது இது:

"இந்தக் காலுக்கு ரத்தம் சரியாப் போகலை. குழாய் அடைச்சுக்கிட்டு வருது. புகையிலையை இன்னிக்கே விட்டா கால் நிக்கும். விடலேன்னா முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும். பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. நடக்கப்போறதைச் சொல்றேன்."

நானும் தம்பி பெண்டாட்டியும் அழுதோம். தம்பி அழவில்லை.

"பீடி பிடிக்கலாங்களா டாக்டர்?" என்று கேட்டான்.

"பீடி, சுருட்டு, பொடி, வெத்தலையில வைக்கிற துண்டு, எதுவும் கூடாது. சும்மா ஒரு இழுப்புன்னும் கூடாது."

அவன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்டு விரல் கறுத்திருந்தது. அவன் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. சுருட்டு பிடிப்பதுதான் அவனுக்கு உத்தியோகம்.

நயாபைசா வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்தோம். முன் அறை எனக்கு, பின் அறை தம்பிக்கும் அவன் பெண்டாட்டிக்கும். என் வீட்டுக்காரர் லால்குடியில் அரிசி மில்லில் வேலை; ஞாயிற்றுக்கிழமை வருவார், திங்கட்கிழமை போவார். நான் நாலு வீட்டுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கவலைப்படுவதற்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை, அது எனக்குத் தானாகவே வந்தது. பால்காரர் பத்து நிமிஷம் பிந்தினால் மாடு செத்துப்போயிருக்கும் என்று நினைப்பேன். வீட்டுக்காரர் வருகிற ரயில் தாமதம் என்றால் ஸ்டேஷன் வரைக்கும் போய் நின்றுவிடுவேன். தம்பி எனக்கு ஆறு வயது இளையவன். அவனைப் பற்றிய கவலை அவன் பிறந்த அன்றே ஆரம்பித்தது.

அவன் உறையூரில் சுருட்டுச் சுற்றப் போனபோது இருபது வயது. நல்ல கை. புகையிலையை விரலால் தடவிப் பார்த்தே அதன் நரம்பு எங்கே ஓடுகிறது என்று சொல்வான். பிறகு முதலாளி அவனைப் பதம் பார்க்க வைத்தார். புது இலை கட்டுக் கட்டாக வரும். கட்டுக்கு ஒரு சுருட்டு சுற்றிப் பிடித்துப் பார்த்து, இது சுற்றலாம், இது இன்னும் பத்து நாள் ஊறட்டும், இதில் காரம் போதாது என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு சுருட்டு. மற்றவர்களைவிட வாரத்துக்கு ஒரு ரூபாய் கூடுதல். "என் நாக்குக்குத்தான் சம்பளம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

தினமும் காவேரிப் பாலத்தின் மேல் நடந்துதான் போவான். சனிக்கிழமை காலையில் நானும் உளுந்து வாங்கப் பெரிய கடைவீதிக்குப் போவதால் அக்கரையில் சிந்தாமணி வரை சேர்ந்து நடப்போம். பஸ் காசு மிச்சம்.

ஒரு ஆடி மாதம், பாலத்தின் நடுவில் நின்றான்.

"ஆத்தைப் பாரு அக்கா, தண்ணி எப்படி வந்திருக்கு!"

பார்த்தேன். இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போயிற்று. கும்பிட்டுவிட்டு நடந்தோம். அடுத்த வாரமும் நின்றான். அதற்கடுத்த வாரமும். இவனுக்குப் பக்தி வந்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம்தான். அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னேன். தை மாதம் வந்தது, தண்ணீர் வடிந்தது, அவன் நிற்பது மட்டும் அதிகமாயிற்று. பங்குனியில் ஆறு முழுக்க மணல். அப்போதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மணலைப் பார்க்க என்னடா இருக்கு?"

"வேலையைப் பாரேன்க்கா. மனுசன் ரெண்டு நிமிசம் நிக்கக்கூடாதா?"

அன்று முதல் எண்ண ஆரம்பித்தேன். என் வழக்கம் அது. பயம் வந்தால் எதையாவது எண்ணுவேன். பாலத்தில் விளக்குக் கம்பங்கள் இருந்தன. ஏழு கம்பம் நடந்தால் நிற்கிறான். கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது, மறுபடி ஏழு கம்பம். சித்திரையில் அது நாலு கம்பமாகக் குறைந்தது. நேராகக் கேட்டேன். கெண்டைக்காலை யாரோ கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி வலிக்கிறது என்றான். நின்றால் போய்விடுகிறதாம். நின்றால் போகிற வலிக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்டான். ஆனாலும் பிடித்து இழுத்துக்கொண்டு டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன்.

மின்விசிறி போட்ட அறை, ஐந்து ரூபாய் பீஸ். எங்களுக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடைக்காரர் உள்ளே போனார். தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவரைப் படுக்க வைத்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, டாக்டர் தம் கையால் அவர் காலை மடக்கி நீட்டி, பாதம் வரைக்கும் தொட்டுப் பார்த்தார். எங்கள் முறை வந்தது. தம்பியின் காலில் செருப்பில்லை. உறையூர்ப் புழுதி கணுக்கால் வரை. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வாதம். ஊசி போட்டுக்கங்க, எட்டு ஊசி" என்று சீட்டு எழுதினார். எட்டு ஊசியும் போட்டோம். நாலு கம்பம் மூன்றானதுதான் மிச்சம்.

பாதம் ஜில்லென்று இருக்கிறது என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள். ராத்திரியில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டால்தான் தூங்குகிறாராம். குளிர்ந்து கிடக்கிற காலுக்குச் சூடுதானே வேண்டும்? எனக்கு அப்படித்தான் தோன்றியது. கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, துணியில் முடிந்து, ஒத்தடத்துக்குத் தயார் செய்தேன். நான் பாதத்தின் பக்கம் போனதும் அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"நீ என் காலைத் தொடலாமா? எனக்குத்தான் பாவம். ஆயுசு குறையும்னு சொல்லுவாங்க. அவ வைக்கட்டும்."

சரி என்று நான் அடுப்படியில் நின்றேன். நான் உப்பை வறுத்துக் கொடுக்க, அவள் வாங்கிக்கொண்டு போய் வைத்தாள்.

"சூடே தெரியலைங்கிறாரு அண்ணி" என்று திரும்பி வந்தாள். இன்னும் வறுத்தேன். "இன்னும் போதலையாம்." இன்னும் வறுத்தேன். அவள் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்குப் பொறுக்கலை அண்ணி, அவருக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். "ஆம்பளைத் தோல், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன்.

காலையில் சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் கொப்பளித்திருந்தன. பத்து நாளில் கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்தது. வெந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. உணர்ச்சி செத்த கால் அது. அவன் காலை நான் ஒரு தரம் கையில் பிடித்துப் பார்த்திருந்தால், அது குளிர்ந்த கால் இல்லை, ரத்தம் வராத கால் என்று தெரிந்திருக்குமோ என்னவோ. தெரிந்திருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கேட்டுக்கொள்வதில்லை.

அப்படித்தான் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த அறைக்கு வந்தோம்.

பெரிய டாக்டர் முதலில் பார்த்தது புண்ணை அல்ல. நல்ல காலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தம்பியின் இடது பாதத்தைத் தம் முழங்கால் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் வேட்டி மாதிரி வெளுத்த கால்சட்டையில் புழுதி ஒட்டியது. அவர் துடைக்கக்கூட இல்லை. மூன்று விரலைப் பாதத்தின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வலது பாதம். அங்கே வெகு நேரம் வைத்திருந்தார். இரண்டு காலையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். வலது கால் சுண்ணாம்பு போல வெளுத்தது. தொங்கப் போடச் சொன்னார், ஊதாச் சிவப்பாயிற்று.

"எவ்வளவு தூரம் நடந்தா வலிக்கும்?"

"தெரியலைங்க" என்றான் தம்பி.

"போன ஆடியில பாதிப் பாலங்க. பங்குனியில ஏழு கம்பம். சித்திரையில நாலு. ஊசி போட்டப்புறம் மூணு" என்றேன்.

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "எழுதி வெச்சிருந்தீங்களா?"

"இல்லைங்க. கவலைங்க."

"ஏழு கம்பத்துல இங்க வந்திருக்கணும்மா. புண்ணே இல்லாம. நடந்தா வலி, நின்னா போயிடுதுன்னா அதுதான் முதல் நோட்டீஸ்." பிறகு, "நீங்க அக்காவா? கையைக் குடுங்க" என்றார்.

தம்பி காலை இழுக்கப் பார்த்தான். "டாக்டர், அவங்க எனக்கு மூத்தவங்க."

"நான் உங்க அக்காவுக்கும் மூத்தவன். நானே பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஆட்டாதே."

என் விரல்களை இடது பாதத்தின் மேல் வைத்தார். அழுத்தாதீங்க, கட்டை விரல் வேண்டாம், சும்மா வைங்க என்றார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, பல்லியின் தொண்டை துடிக்கிற மாதிரி ஒரு துடிப்பு. வலது பாதத்தின் மேல் வைத்தார். எவ்வளவு நேரம் வைத்தும் ஒன்றும் இல்லை. முப்பது வருஷமாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்தவன் உடம்பில் ஒரு இடம் பேசாமல் கிடந்தது.

"சுருட்டுக் கம்பெனியில எத்தனை பேர் இவனைப் போல?"

"இவனோட சேர்த்து இருபத்திமூணு பேருங்க."

"அதுல நடந்து நடந்து நிக்கிறவன் இருக்கான்னா புண் வர்றதுக்கு முந்தி அனுப்புங்க. இங்க வர்றவங்க எல்லாரும் புண்ணோடதான் வர்றாங்க. என்னத்தைச் செய்யறது நான்?"

அதை எனக்குச் சொன்ன வேலையாகவே எடுத்துக்கொண்டேன்.

தம்பிக்கு இரண்டு விரலை எடுத்தார்கள். ஆறு வாரம் வார்டில் கிடந்தான். மருந்துக்குக் காசில்லை, படுக்கைக்குக் காசில்லை. டாக்டர் தினமும் வந்து, கட்டைப் பிரித்து, பாதத்தில் விரல் வைத்துவிட்டுப் போவார். புகையிலை இல்லாமல் அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சோம்பு மென்றான், வெல்லம் மென்றான், ஒரு நாள் கஞ்சித் தூக்கை என் மேலேயே விட்டெறிந்தான். பக்கத்துக் கட்டில்காரர் ஒரு பீடியை நீட்டினார். நான் அதை வாங்கி, அவர் எதிரிலேயே கிழித்துத் தூளை ஜன்னலுக்கு வெளியே கொட்டினேன். "பஜாரியா இருக்கியேம்மா" என்றார். "ஆமாங்க" என்றேன். அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

புண்ணின் அடியிலிருந்து புதுச் சதை சிவந்து வர ஆரம்பித்தது. கால் நிற்கும்போல இருக்கிறது, ஆனால் மறுபடி அந்தப் புகைக்குள் போய் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அங்கேதான் சிக்கல். கம்பெனியை விட்டு விலக வேண்டுமென்றால் முன்பணத்தைக் கட்டிவிட்டுத்தான் விலக வேண்டும். கல்யாணத்துக்கு வாங்கியது நூற்றைம்பது. வாரக்கூலியில் பிடித்தது போக நூற்றுப் பன்னிரண்டு நின்றது. கட்டாவிட்டால் வந்து உட்கார வேண்டும் என்று கணக்குப்பிள்ளை ஆள் அனுப்பினார். நானே போனேன்.

முதலாளி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர் என்றுதான் பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ வேண்டுதல் என்று சுருட்டை விட்டுவிட்டார். ஆட்கள் அதைப் பெரிதாகப் பேசுவார்கள். நான் தம்பியின் காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் மேஜைக்கு அடியில் பார்த்தேன். ஆனி மாத வெயில். மேஜை விசிறியில் காகிதமெல்லாம் பறக்கிறது. அவர் காலில் கம்பளிக் காலுறை.

எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது.

"முதலாளி, உங்களுக்கு நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதுங்களா?"

கணக்குப்பிள்ளை பேனாவை நிறுத்தினார். முதலாளி அவரைப் பார்த்து, "நீர் போய் காப்பி சாப்பிட்டுட்டு வாரும்" என்றார். அவர் எழுந்து போனார்.

"உனக்கு யாரும்மா சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. காலு ஜில்லுனு இருந்தாத்தானே இது போடுவாங்க?"

"மெட்ராஸ்ல காட்டினேன். பெரிய டாக்டர். முதல் நாளே காலைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிட்டார், சுருட்டை விடுன்னு. விட்டுட்டேன். இப்ப ஒரு மைல் நடக்கிறேன்."

"எங்களுக்குச் சொல்லலியே நீங்க."

"ஏம்மா, சுருட்டு விக்கிறவன் சுருட்டு கெடுதல்னு சொன்னா எவன் வாங்குவான்?"

"ஊருக்குச் சொல்ல வேண்டாங்க. இருபத்திமூணு பேர். உங்க கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவங்க. என் தம்பி பாலத்துல நின்னு நின்னு வந்தான். நீங்க அந்த வலியை அறிஞ்சவங்க. நீங்க விட்டப்புறமும் அவன் கையில பதம் பார்க்கக் குடுத்தீங்க."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டேன். அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"இப்ப என்ன செய்யணும்கிறே? முன்பணத்தைத் தள்ளணுமா?"

"தள்ளுங்கன்னு கேக்கலை. தவணையா வாங்கிக்குங்க. ஆனா சனிக்கிழமை கூலி கொடுக்கிற நேரத்துல, ஒரு மணி நேரம் எல்லார் காலையும் பார்க்க விடணும்."

"யார் பார்க்கிறது?"

"நான்தான்."

அவர் சிரித்தார். கோபத்தில் அல்ல. "பாரு. கணக்கு வேற, இது வேற. கணக்குல ஒரு பைசா குறையாது."

"சரிங்க."

சனிக்கிழமை போனேன். இருபத்திரண்டு பேரும் கால் கழுவிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பந்தியில் இலைக்குக் காத்திருப்பது போல. ஆனால் காலை நீட்டச் சொன்னதும் ஒருவர்கூட நீட்டவில்லை.

"என்னை வம்புல மாட்டாதீங்கக்கா" என்றார் ஒருவர். "நீங்க எங்க காலைத் தொட்டா எங்களுக்கு நரகம்தான்."

"காலு போனா நரகத்துக்கு எப்படிப்பா நடந்து போவே?" என்றார் பல் விழுந்த ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள், கால் மட்டும் நீளவில்லை. அந்தப் பெரியவர்தான் வழி சொன்னார். "என் காலை அந்தப் பொண்ணு தொடட்டும், நான் அதைவிட மூத்தவன். அது கத்துக் குடுக்கட்டும். அப்புறம் அவனவன் தனக்கு மூத்தவன் காலைப் பார்க்கட்டும். யாருக்கும் பாவமில்லை."

எனக்கும் சரியென்று பட்டது. பெரியவருக்கு இரண்டு பாதத்திலும் துடிப்பு இருந்தது. எழுபது வயதில் அவ்வளவு நன்றாகத் துடித்தது. பிறகு வயது வரிசையில் உட்காருவதில் சண்டை வந்தது. யாருக்கும் பிறந்த தேதி தெரியாது.

"நான் உனக்கு மூத்தவன்டா."

"எப்படி? உன் கல்யாணத்துக்கு நான் பந்தி பரிமாறினேன். அப்பவே எனக்கு மீசை."

"உனக்கு மீசை பத்து வயசுலயே வந்துருச்சுன்னு உங்கம்மாவே சொல்லுமே!"

ஒரு வழியாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நான் அதிகம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அன்று ஆஸ்பத்திரியில் எவ்வளவோ நேரம் பிடித்ததை அவர்கள் விரல் வைத்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார்கள். நாளெல்லாம் இலையின் நரம்பைத் தேடுகிற விரல்கள் அவை. "இருக்கு", "இருக்கு", "துள்ளுது மாப்பிள்ளை மாதிரி" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

நடுவில் ஒருவர் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது முப்பத்தைந்து வயசிருக்கும் ஒரு ஒல்லியான ஆளின் காலை.

"அண்ணே, உங்ககிட்ட இல்லையே."

"அவன்கிட்ட ஈவிரக்கமே கிடையாதுன்னு சீட்டாட்டத்துலயே தெரியுமே" என்றார் மீசைக்காரர்.

"இல்ல, நெசமாத்தான். இந்தக் கால்ல இருக்கு. அதுல இல்லை."

நான் போய்ப் பார்த்தேன். அந்த ஆள் எனக்கு இளையவர். ஆனால் காலை இழுக்கவில்லை. இடது பாதம், குளிர்ச்சி. விரல் வைத்து நூறு எண்ணினேன். இல்லை. சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

"எங்கயாச்சும் நடக்கிறப்ப நிக்கிறீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சமயபுரத்துக்கு நடந்து போறப்ப வழியெல்லாம் உட்கார்ந்துதான் போனேன். முன்னெல்லாம் ஒரே மூச்சுல போவேன். ஆத்தாளுக்கு என் மேல கோவம்னு நினைச்சு மறு வாரமும் போனேன்."

புண் இல்லை. விரலெல்லாம் நன்றாக இருந்தது. விரல் இடுக்கெல்லாம் இரண்டு தரம் விரித்துப் பார்த்தேன்.

வரிசையில் கடைசி ஆளுக்கு இருபத்திரண்டு வயது. அவனுக்கு இளையவர் யாருமில்லை. "பொண்டாட்டி வந்து பார்க்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். நான் காத்திருக்கவில்லை. அவன் காலைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். "பாவம் வந்தா என் பேர்ல எழுதிக்கச் சொல்லு." அவனுக்கு இரண்டிலும் இருந்தது.

திங்கட்கிழமை அந்த ஒல்லியான ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய டாக்டர் சீட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார், எங்கே புண் என்று கேட்டார்.

"புண் இல்லைங்க."

அவர் சின்ன டாக்டரைக் கூப்பிட்டார். "வந்து பாரும். நடந்தா வலி, நின்னா போயிடுது, நாடி இல்லை, புண்ணும் இல்லை. இப்படி ஒருத்தர் நம்ம கிட்ட எப்ப வந்தார்?" பரீட்சையில் முதலாவதாக வந்தவனைப் பார்ப்பது போல அந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் அன்றிலிருந்து சுருட்டைத் தொடவில்லை என்று சொல்ல மாட்டேன்; தினம் தொட்டார், சுற்றுவது அவர் தொழில். வாயில் வைக்கவில்லை. ஜன்னலோரம் இடம் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மாதம் ஒரு தரம் டாக்டரிடம் காலைக் காட்டினார்.

தம்பிக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. டவுனில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிற பட்டறைகள் இருந்தன. ஒன்றில் அவன் கை விரலைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். பழகுகிற ஆளுக்குக் கூலி பாதிதான். நான் இன்னும் இரண்டு வீட்டுக்கு மாவு பிடித்தேன். பெரிய பித்தளை அண்டாவைப் பாத்திரக்கடையில் போட்டுப் பதினாலு ரூபாய் கட்டினோம். மாதம் நாலு ரூபாய் தவணை.

மூன்றாவது தவணைக்குத் தம்பியும் கூட வந்தான். கம்பு ஊன்றிக்கொண்டு நடந்தான். கம்பெனி வாசலில் அந்த இலை வாசனை அடித்ததும் அவன் மூக்கு விடைத்ததைப் பார்த்தேன்.

முதலாளி அவனை உட்காரச் சொன்னார். மேஜை மேல் நாலு புதுச் சுருட்டு இருந்தது.

"நீ போனப்புறம் பதம் பார்க்க ஆள் இல்லைப்பா. ஒரு வண்டிச் சரக்கு திரும்பி வந்துடுச்சு. நான் சொல்றதைக் கேளு. நீ சுற்ற வேண்டாம், நாள் பூரா உட்காரவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு தரம் வா. கட்டுக்கு ஒரு இழுப்பு. உள்ளே இழுக்காதே, வாயில வெச்சுப் பார்த்துட்டுத் துப்பிடு. இந்தத் தொண்ணூறு ரூபாயையும் இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

கணக்குப்பிள்ளை நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். தம்பி பெண்டாட்டிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூறு ரூபாய் என்றால் எத்தனை படி மாவு என்று என் மனம் தானாக எண்ணத் தொடங்கிற்று. வேண்டாம் என்று நான்தான் முதலில் சொல்லிவிடப் போகிறேன் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவும் செய்தேன். பிறகு மூடிக்கொண்டேன். கால் அவனுடையது. நான் பக்கத்தில் இருக்கும்வரைதான் பீடியைப் பிடுங்கிக் கிழித்துப் போட முடியும்.

தம்பி ஒரு சுருட்டை எடுத்தான். விரலால் நீளமாகத் தடவினான். மூக்குக்குக் கொண்டு போகவில்லை.

"நடுவுல ஈரம் நிக்குது முதலாளி. இன்னும் எட்டு நாள் காய விடுங்க. விரலுக்கே தெரியுது, இதுக்கு வாய் வேண்டாம்." சுருட்டை இருந்த இடத்திலேயே வைத்தான். "இது சும்மா சொன்னது, பழகின தோஷத்துக்கு. தவணையை வரவு வெச்சுக்குங்க."

"யோசிச்சுச் சொல்லுப்பா."

"ஆறு வாரம் படுத்துக்கிட்டு யோசிச்சேங்க."

நான் முடிச்சை அவிழ்த்து நாலு ரூபாயை மேஜை மேல் வைத்தேன். கணக்குப்பிள்ளை முதலாளியின் முகத்தைப் பார்த்தார். முதலாளி எழுதும் என்று கையை அசைத்தார். அவர் எழுதி முடித்து, மை உலர ஊதி, நோட்டை எங்கள் பக்கம் திருப்பினார். தம்பி விரல் வைத்து வாய்விட்டுப் படித்தான்.

பாக்கி எண்பத்தாறு ரூபாய்.